குதிரை ரேஸில் விதி வைத்துக் காசு கட்டினால் மிஞ்சுமா?

பாளை நோட்டு: நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துக் கிண்டிக்குப் போன காலத்து ரேஸ் புத்தகங்கள் இன்னும் என் பரணில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து மூன்று விதி எழுதினேன். எட்டுக் குதிரைக்கு மேல் ஓடக் கூடாது. ஃபேவரிட், அதாவது அதிகப் பணம் விழும் குதிரை, கடைசி 30 நாளுக்குள் ஓடியிருக்க வேண்டும். அதே தூரத்தில் முன்பு முதல் மூன்றுக்குள் வந்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் கட்டு, இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வா. பழைய 60 ரேஸில் போட்டுப் பார்த்ததில் 27 ஜெயித்திருக்கிறது. மறுப்பவர்கள் வரலாம்.

ஜங்ஷன் கணக்கன்: எத்தனை ஜெயித்தது என்று சொன்னீர்கள் அண்ணாச்சி, என்ன விலைக்கு, அதாவது 100 கட்டினால் எவ்வளவு திரும்பும் கணக்கில், ஜெயித்தது? ஃபேவரிட் மூன்றுக்கு ஒன்று ஜெயிக்கும் என்பது ரேஸுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். விலை குறைவதே அதனால்தான். 100 கட்டினால் 150 திரும்பும் குதிரை மூன்றில் இரண்டு தடவை ஜெயித்தால்தான் கையைக் கடிக்காது.

பாளை நோட்டு: போட்ட காசையும் சேர்த்து, சராசரியாக 100க்கு 210 வந்திருக்கிறது.

ஜங்ஷன் கணக்கன்: 27 தடவை 210 என்றால் 5,670. கட்டியது 6,000. இன்றைய வரியையும் சேர்த்தால் இன்னும் மோசம். 2023 அக்டோபரில் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40.

இரட்டிப்பு: தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு கட்ட வேண்டியதுதானே? ஒரு ஜெயிப்பில் விட்டதெல்லாம் வந்துவிடும்.

ஜங்ஷன் கணக்கன்: 100 ரூபாயில் ஆரம்பித்து ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 12,700 போயிருக்கும், எட்டாவதுக்கு 12,800 வேண்டும். அப்படி நடக்குமா என்கிறீர்களா? மூன்றுக்கு ஒன்று ஜெயிக்கும் குதிரைகளில், நீங்கள் தொடங்கும் பதினேழு தடவையில் ஒரு தடவை நடக்கும். ஃபேவரிட் விலையில் இரட்டிப்பு போதாது என்பது தனிக் கதை.

சிப்பிப்பாறைக்காரன்: குதிரையில் ஜாக்கியின் மனசு புகுந்துவிடும். நாய்க்கு விதி சரிப்படும். பிரிட்டன் நாய் ரேஸில் ஆறு நாய்தான் ஓடும். ஒன்றாம் கூண்டுக்குச் சிவப்புச் சட்டை, ஆறாவதுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. நான் காசு கட்டாமல் போனில் பார்த்து எழுதிவருகிறேன். முதல் வளைவுக்கு முன்னால் எது முந்துகிறதோ அதற்கே பாதி வேலை முடிந்தது. சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்துவதைப் பார்த்தவனுக்கு இது புரியும்.

ஜங்ஷன் கணக்கன்: புரிகிறது. ஆனால் எந்த நாய் வேகமாகக் கிளம்பும் என்று விலை போடுகிறவனும் பார்க்கத்தானே செய்கிறான்? நீங்கள் பார்க்கும் அதே பழைய நேரக் குறிப்புகள் அவனிடமும் இருக்கின்றன.

பாளை நோட்டு: எல்லாவற்றுக்கும் ‘விலையில் இருக்கிறது’ என்றால் எப்படி வே? 1996இல் உச்ச நீதிமன்றமே குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்றது. ஹாங்காங்கில் பில் பென்டர் என்ற பந்தயக்காரர் கணினியை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கவில்லையா?

ஜங்ஷன் கணக்கன்: நீதிமன்றம் சொன்னது சட்டத்துக்கு அது சூதாட்டமா இல்லையா என்பதை. உங்களுக்கு லாபம் வரும் என்றா சொன்னது? பென்டர் மக்கள் கட்டிய விலையையே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மூன்று வரி விதி அல்ல அது. இன்னொன்று, அந்த மூன்று விதிக்கு முன்னால் எத்தனை விதியை எழுதி அடித்தீர்கள்?

பாளை நோட்டு: பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

ஜங்ஷன் கணக்கன்: அப்படியென்றால் பழைய 60 ரேஸுக்குப் பொருந்தும்வரை விதியை வெட்டித் தைத்திருக்கிறீர்கள்.

பாளை நோட்டு: சரி, லாபத்தை விடும். விதி வருமுன் நான் ஒரு நாளில் ஏழு ரேஸிலும் கட்டுவேன். இப்போது ஒன்றோ இரண்டோதான். நம்மூர் மாட்டு வண்டிப் பந்தயத்தில்கூடப் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே விடுகிறோம்? எதில் இறங்குவது என்று தெரிந்தாலே போதாதா?

ஜங்ஷன் கணக்கன்: அதை ஒத்துக்கொள்கிறேன். விதி உங்கள் கையைக் கட்டுகிறது, குதிரையை ஓட வைக்கவில்லை.

சிப்பிப்பாறைக்காரன்: அப்போ அண்ணாச்சி என்னை மாதிரி காசில்லாமல் அடுத்த 60 ரேஸை எழுதட்டும். ரேஸ் தொடங்குமுன் எழுத வேண்டும், விதியைத் திருத்தக் கூடாது.

ஜங்ஷன் கணக்கன்: விலையையும் அப்போதே குறிக்க வேண்டும். டோட் என்ற பொதுப் பந்தயத்தில் எல்லார் பணத்தையும் குவித்து, கழிவு போக மிச்சத்தைத்தான் பங்கிடுவார்கள். கடைசி நிமிடத்தில் பெரிய பணம் விழுந்தால் நீங்கள் பார்த்த 210 மூடும்போது 170 ஆகிவிடும்.

பாளை நோட்டு: அப்போ ஒரு ரேஸுக்கு இரண்டு விலை எழுத வேண்டுமா? வண்ணார்பேட்டையில் இறங்கி நோட்டு வாங்கிக்கொள்கிறேன். 100 பக்கம் போதுமா?

ஜங்ஷன் கணக்கன்: 200 பக்கமாகவே வாங்குங்கள் அண்ணாச்சி. அடிக்க இடம் வேண்டாமா?