மோட்டார்ஹோம் பட்டர்வொர்த்துல நிக்கட்டும்

குழு: பினாங்கு சொந்தங்கள்

கவிதா கே.எல்.: பெரிய மாமா, ஸ்கூல் லீவுல கோலாலம்பூர்ல இருந்து மோட்டார்ஹோம், அதான் படுக்கை, டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டி, வாடகைக்கு எடுத்துக்கிட்டு அங்க வர்றோம். நாங்க 2 பேர், பிள்ளைங்க 2 பேர், 4 நாள். உங்க வீடு, சித்தி வீடு, தண்ணிமலை முருகன் கோயில், கொடிமலை (பினாங்கு ஹில்), லிட்டில் இந்தியா எல்லாம் பார்க்கணும். வண்டியைப் பினாங்குத் தீவுக்குள்ள கொண்டு போகலாமா?

பெரிய மாமா: தாராளமா வாங்கம்மா. முதல்ல வண்டி நீளம் உயரம் சொல்லு.

கவிதா கே.எல்.: நீளம் 6 மீட்டர், உயரம் 2.9னு சொன்னாங்க.

செல்வம் அண்ணன்: 2.9 வெறும் கூரையா, மேல இருக்கிற ஏர்கானோட சேர்த்தா? நல்லா கேளு. ஏர்கானுக்கே 20, 25 சென்டிமீட்டர் கூடும். சரியான அளவை எழுதி ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டிடு. மால் கார் பார்க் வாசல்ல தொங்குற கம்பி பெரும்பாலும் 2 மீட்டர், மிஞ்சிப் போனா 2.1.

செல்வம் அண்ணன்: இன்னும் ரெண்டு கேட்டுக்கோ. காலி எடை 3,500 கிலோவுக்குள்ளயா? அப்படின்னா காருக்கு வச்சிருக்கிற சாதா டி லைசென்ஸ் போதும். பின்னால ஒரு பக்கத்துக்கு ஒரு டயரா, ரெண்டா? ரெண்டுன்னா மொத்தம் 6 டயர், டோல்ல 2ஆம் வகுப்பு, காரை விட கூட வரும்.

கவிதா கே.எல்.: சரிண்ணா, நாளைக்கே கேக்குறேன். ஃபெர்ரில வண்டியை ஏத்தலாமா?

பெரிய மாமா: அது பழைய காலம். 2021ல இருந்து காரே ஏத்துறதில்ல. ஆளு, மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். வண்டி தீவுக்குப் போகணும்னா பாலம். பழைய பாலம் 1985ல திறந்தது, 13.5 கிலோமீட்டர். ரெண்டாவது பாலம் பத்து காவான்ல இருந்து, 24 கிலோமீட்டர், 2014ல வந்தது. தீவுக்குப் போகும்போதுதான் டோல், திரும்பும்போது இல்ல. ரெண்டுலயும் கடல் காத்து பக்கவாட்டுல அடிக்கும். உயரமான வண்டியைத் தள்ளும், இடது பக்கமா மெதுவா போகணும்.

பெரிய மாமா: ஆனா நான் சொல்றது வேற. வண்டியைக் கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்துல என் வீட்டு வாசல்லயே போடு. காலையில பினாங்கு சென்ட்ரல் பக்கம் இறக்கி விடுறேன், நடந்தே ஃபெர்ரி ஏறுங்க. கால் மணி நேரத்துல தீவுல பெங்காலான் வெல்ட் ஜெட்டி.

மீனா சித்தி: மாமா சொல்றதுதான் சரி. தீவுல ஜார்ஜ் டவுன் தெரு எல்லாம் மாட்டு வண்டி காலத்து அகலம். ஒரு கார் ரெண்டாவது வரிசையில நின்னாலே 6 மீட்டர் வண்டி திரும்பாது. ரோட்டோர கட்டம் ஒரு காருக்குப் போட்டது, உன் வண்டி வால் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். சக்கரத்துல பூட்டு போட்டுட்டுப் போயிடுவாங்க.

கவிதா கே.எல்.: மாமா வாசல்ல இடம் இருக்கா? பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

பெரிய மாமா: 6 மீட்டர்னா 20 அடி. நடு வீடா இருந்தா வாசல் முழுக்க அடைச்சிடும். நம்மது கார்னர் லாட், வரிசையில மூலை வீடு, பக்கச் சுவரை ஒட்டிப் போடலாம். குப்பை லோரி திரும்புற இடம் மட்டும் விடணும். ரெண்டு பக்கமும் இப்பவே சொல்லி வச்சிடுறேன்.

செல்வம் அண்ணன்: கரண்டு விஷயத்தை கவனமா படி. போர்ச்சுல இருக்கிற பிளக் 13 ஆம்பியர், 230 வோல்ட். மொத்தமே 3,000 வாட்டுக்குக் கொஞ்சம் கீழ. கூரை ஏர்கான் 1,000 வாட் கிட்ட எடுக்கும், கெட்டில் 2,000. ரெண்டும் சேர்ந்தா அளவு தாண்டிடும், பிளக் சூடாகும், உள்ள இருக்கிற ஃபியூஸ் போனாலும் போகும். தண்ணி கொதிக்க வைக்கிறப்ப ஏர்கானை அடைச்சிடு, இல்ல மாமா வீட்டு அடுப்புல வை.

செல்வம் அண்ணன்: சுருள் ஒயர்னா முழுசா இழுத்து விடணும். சுத்தினபடியே வச்சு ராத்திரி முழுக்க ஏர்கான் ஓட்டினா சூடு வெளிய போகாது, உள்ள ரப்பர் உருகிடும். இணைப்பு தரையில கிடக்கக் கூடாது, மழை ஈரம் பட்டா மெயின் சுவிட்ச் விழுந்துக்கிட்டே இருக்கும். செங்கல்லு மேல தூக்கி வை.

செல்வம் அண்ணன்: வண்டியில இருக்கிறது நீல வட்டப் பிளக், நம்ம சுவர்ல மூணு கால். ரெண்டையும் சேர்க்கிற ஒயர் கூட வருதான்னு பாரு.

கவிதா கே.எல்.: பேட்டரியில ஏர்கான் ஓடும்னு சொன்னாங்களே?

செல்வம் அண்ணன்: 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம்னா 1,200 வாட் மணிதான். ஏர்கான் ஒரு மணி நேரம், கூடிப் போனா ஒன்றரை. ஃபிரிட்ஜ் ஒண்ணே நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு 30, 40 ஆம்பியர் மணி குடிக்கும். பேட்டரி விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்குன்னு வச்சுக்கோ.

மலர் அத்தை: டாய்லெட் பெட்டியை எங்க கொட்டுறது? யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க 🙏

பெரிய மாமா: பின்னால பாத்ரூம்ல. 20 லிட்டர் பெட்டி 4 பேருக்கு ரெண்டு நாள் வரும். நிறைஞ்ச பிறகு தூக்கினா 20 கிலோ, தளும்பும், அதனால முக்கால்லயே எடுத்துடணும். கொஞ்சம் ஊத்தி ஃப்ளஷ், கொஞ்சம் ஊத்தி ஃப்ளஷ். ஒரேயடியா ஊத்தினா அடைக்கும். பாத்திரம் கழுவின தண்ணிகூட லோங்காங்ல (ரோட்டோர சாக்கடையில) விடாதீங்க, வாளியில பிடிச்சு பாத்ரூம்ல ஊத்துங்க. எண்ணெய் படிஞ்சா தெருவே நாறும்.

செல்வம் அண்ணன்: கம்போங்ல, அதான் கிராமத்துல, செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டுக்குப் போனா டாய்லெட் பெட்டிக்கு ஃபார்மலின் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். டேங்குல இருக்கிற கிருமி செத்தா கழிவு மக்காது.

செல்வம் அண்ணன்: தண்ணி டேங்கை கே.எல்.லயே (கோலாலம்பூர்லயே) நிரப்பாதே. 100 லிட்டர்னா 100 கிலோ, 350 கிலோமீட்டர் சும்மா சுமக்கணும். திரும்பும்போது மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போ பக்கம் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதே, சூடாகிப் பிடிக்காம போயிடும். இறங்குறதுக்கு முன்னாலயே கியரைக் குறை.

மீனா சித்தி: இப்ப டவுனு. ஃபெர்ரி இறங்கி முதல்ல குவீன் ஸ்திரீட் மாரியம்மன், 1833ல கட்டினது. மதியம் நடை சாத்திடுவாங்க, அதான் முதல்ல. அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், ஆர்மீனியன் ஸ்திரீட், சியூ ஜெட்டி எல்லாம் நடக்கிற தூரம். கால் வலிச்சா டவுனுக்குள்ள சுத்துற கேட் (CAT) பஸ் இலவசம்.

மீனா சித்தி: கொடிமலைக்கு ஜெட்டியில இருந்து 204ஆம் நம்பர் பஸ். அதே பஸ் ஆயர் ஈத்தாம் வழியா போகுது, கெக் லோக் சி புத்தர் கோயிலையும் பார்த்துடலாம். சில்லறை சரியா வச்சுக்கோ, டிரைவர் மீதி தர மாட்டார். தண்ணிமலை வேற நாள் விடியக்காலையில. 513 படி, வெயில் ஏறிட்டா பிள்ளைங்களால முடியாது.

மீனா சித்தி: என் வீட்டுக்கு 101ஆம் நம்பர் பஸ். தஞ்சோங் பூங்கா ரோடு சனி ஞாயிறு சாயங்காலம் நகரவே நகராது. எங்க காண்டோ (அடுக்குமாடி) கார் பார்க் உயரமும் 2 மீட்டர்தான். சோறு ஆக்கி வைக்கிறேன், பஸ்ல வாங்க.

கவிதா கே.எல்.: இப்பவே போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஏர்கானோட 3.1 மீட்டராம்! பின்னால இரட்டை டயர். எடை 3,500க்குள்ளதான்.

பெரிய மாமா: டேப் வச்சு அளந்துட்டேன். வாசலுக்கு மேல போற போன் ஒயர் 4 மீட்டர் உயரம், பிரச்சினை இல்ல. மாமரக் கிளை 2.8ல நிக்குது. ஞாயித்துக்கிழமை வெட்டிடுறேன்.