நேர்வளர்ச்சியா, பாய்த்து வளர்ச்சியா? தலைப்பிரட்டை ஆகாத தவளைக்கு ஒரு சொல்

அம்பாசமுத்திரம், வியாழன் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

களக்காடு–முண்டந்துறைக் காட்டுத் தவளைகளைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 32 பக்கம். திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல் இரண்டு நாளாக என்னை நகரவிடவில்லை.

14ஆம் பக்கத்தில் மூங்கிலுக்குள் வாழும் புதர்த்தவளை வருகிறது. அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டஸ் கலசோடெஸ். உடல் நீளம் சுமார் 25 மி.மீ., பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான். பச்சை உடம்பு, கண்ணில் பொன் துகள். 1876இல் விலங்கியலாளர் குந்தர் இதைத் திருவிதாங்கூரிலிருந்து வந்த மாதிரியை வைத்து விவரித்தார். அப்புறம் நூறாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. 2011இல்தான் மறுபடி கிடைத்ததாக அறிவித்தார்கள். மலையாளத்தில் ஈற்ற என்று சொல்லும் மெல்லிய மூங்கிலில், இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள சின்னப் பிளவு வழியாக இது உள்ளே நுழைந்துவிடுகிறது. முட்டையும் அங்கேதான். ஆண் தவளை கூடவே இருந்து காவல் காக்கிறது.

அந்த முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை. நான்கு காலும் முளைத்த தவளையாகவே வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் டைரக்ட் டெவலப்மென்ட். நான் 'நேரடி வளர்ச்சி' என்று எழுதி, வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "அப்போ மத்தத் தவளையெல்லாம் மறைமுகமா வளருதா டீச்சர்?" என்று கேட்டான். போன வாரம்தான் குடிமையியலில் நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் படித்திருந்தார்கள். அவன் கேட்டதில் தப்பே இல்லை. நல்ல சொல் வேண்டும். உதவுங்கள்.

பாளையங்கோட்டை, வெள்ளி விடியற்காலை

அன்புள்ள டீச்சருக்கு,

சொல்லை வெளியே தேடவேண்டாம். நன்னூலில் தவளையே அதைச் சொல்லிவைத்திருக்கிறது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகளைச் சொல்லும் இடத்தில் ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கைச் சொல்கிறார் பவணந்தியார். இடையில் இருப்பதை விட்டுவிட்டு அப்பால் உள்ளதோடு போய்ச் சேர்வது தவளைப் பாய்த்து. முட்டையிலிருந்து தலைப்பிரட்டையைத் தாண்டித் தவளைக்குப் போகும் வளர்ச்சிக்கு 'பாய்த்து வளர்ச்சி' என்பதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியில் இருக்கிறது?

இன்னொன்று. கலசோடெஸ் என்பதில் உள்ள 'கலசா' கிரேக்க மொழியில் ஆலங்கட்டி. நமக்கு 'ஆலி' என்ற பழஞ்சொல் இருக்கிறது. 'ஆலித்தவளை' என்று பெயரிடுங்கள். மழையும் அதில் வந்துவிடும். பேரினப் பெயரில் பெங்களூர் விலங்கியலாளர் நாராயண ராவ் இருக்கிறார். பின்னால் ஒட்டியிருக்கும் ஓர்கெஸ்டஸ் கிரேக்கத்தில் கூத்தாடுபவர். ராவ் கூத்தர்!

குறுந்தொகை 193ஐயும் எடுத்துப் பாருங்கள். குறுகிய வாயை உடைய சுனையில் கிடக்கும் பகுவாய்த் தேரை தட்டைப்பறைபோல ஒலிக்கிறது. தட்டை என்பது தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மூங்கில் கருவி. இட்டுவாய், தேரை, மூங்கில் மூன்றும் ஒரே பாட்டில். உங்கள் தவளையும் குறுகிய வாய் வழியாக மூங்கிலுக்குள் போகிறது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மாஞ்சோலை, வெள்ளி பகல்

ஐயா, குறுந்தொகையைச் சொன்னதற்கு நன்றி. இனி மூங்கில் பக்கம் போகும்போதெல்லாம் தட்டைப்பறை நினைவுக்கு வரும். ஆனால் அது சுனைத்தேரை, இது சுனையை எட்டிக்கூடப் பார்க்காதது. பாட்டை ரசிக்கலாம், சான்றாக எடுக்கவேண்டாம்.

'பாய்த்து வளர்ச்சி'யை நான் எதிர்க்கிறேன். அழகுக்குக் குறைவில்லை, உண்மைக்குத்தான் இடிக்கிறது. அந்தக் கட்டத்தைத் தவளை தாண்டுவதில்லை, முட்டைக்குள் வைத்து முடித்துக்கொள்கிறது.

நேற்று ராத்திரி ஒரு புதர்த்தவளையின் முட்டைகளை இலையடியில் பார்த்தேன். கையால் தொடவில்லை, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். கண்ணாடிக் கோலிபோல இருந்தது. உள்ளே குட்டி முதுகு வளைந்து படுத்திருக்கிறது. பின்னங்கால்கள் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருக்கின்றன. அதற்கும் மேலே ஒரு வால், வெங்காயத்தோல் மாதிரி மெல்லியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு புரள் புரண்டது. வால் இருக்கிறது ஐயா. அதைப் பார்த்த பிறகு 'தாண்டிவிட்டது' என்று எழுத எனக்குக் கை வராது.

இதில் அதிகம் ஆராயப்பட்டது போர்ட்டோ ரிக்கோவின் கோக்கித் தவளை. அது கத்துவது 'கோ–கீ' என்று கேட்பதால் அந்தப் பெயர். அதன் கருவுக்கு இரத்தநாளம் நிறைந்த அகன்ற வால் உண்டு, முட்டைக்குள் அதுதான் மூச்சு உறுப்பு. தலைப்பிரட்டையைத் தவளையாக்கும் தைராய்டு சுரப்பு கோக்கியின் கருவிலும் வேலை செய்கிறது என்று 2000இல் காட்டினார்கள். உருமாற்றம் நடக்கத்தான் செய்கிறது, இடம்தான் குளத்திலிருந்து முட்டைக்குள் மாறிவிட்டது. அதனால் என் பரிந்துரை 'முட்டையுள் உருமாற்றம்'. சிலர் எழுதும் 'உருமாறா வளர்ச்சி'யை மட்டும் யாரும் எடுத்துவிடாதீர்கள், அது நேர்மாறான பொருள்.

'ஆலித்தவளை'யும் வேண்டாம். இந்தத் தவளைக்கு ஏற்கெனவே ஆங்கிலத்தில் 'குமிழ்க்கூட்டுத் தவளை' என்றொரு தவறான பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. குமிழ்க்கூடே கட்டாத தவளைக்கு அந்தப் பெயர். காட்டில் ஆளுக்கு அடையாளம் காட்டும் பெயர் 'மூங்கில் புதர்த்தவளை'தான்.

யாழ்ப்பாணம், வெள்ளி மாலை

ரீச்சருக்கு வணக்கம். நானும் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தான். இலங்கையில் இந்தச் சொல்லுக்குத் தேவை இன்னும் கூட. எங்கட மழைக்காடுகளில் சூடோபிலாட்டஸ் என்ற பேரினத்தில் மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள், எல்லாமே இப்படிப் பிறப்பவை. அவற்றில் பல அழிந்துபோயின. 1853இல் கெலார்ட் விவரித்த ஒரு இனம் திரும்பவும் கிடைத்தது 2009இல், சிவனொளிபாதமலைக் காட்டில்.

ஒரு விண்ணப்பம். 'தலைப்பிரட்டை இல்லாத' என்று விளக்கம் எழுதினால் இங்கே பிள்ளைகள் ஒரு கணம் நிற்பார்கள். நாங்கள் வாற்பேய் என்றுதான் படித்தோம். அடைப்புக்குள் அதையும் போடுங்கோ.

தம்பியின் 'முட்டையுள் உருமாற்றம்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'முட்டையுள்' என்பதை வாய்விட்டு நாலுதரம் சொல்லிப் பாருங்கோ. வகுப்பில் அது 'முட்டைக்குள்' ஆகித்தான் நிற்கும். அப்படியென்றால் எழுதும்போதே 'முட்டைக்குள்' என்று எழுதலாம்தானே?

பாளையங்கோட்டை, வெள்ளி இரவு

தம்பி சொன்ன வாலைப் பற்றி மாலை முழுவதும் யோசித்தேன். தாண்டவில்லை என்றால் பாய்த்து பொருந்தாது. அந்தச் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வெளியே வருகிற குட்டிக்கு டீச்சர் என்ன பெயர் வைத்திருக்கிறார்? இணைப்பில் பார்த்தேன், 'குட்டித்தவளை'. தொல்காப்பிய மரபியல் ஒன்பது இளமைப் பெயர்களைத் தந்து, இன்னதற்கு இன்னது என்று வகுத்தும் வைத்திருக்கிறது. பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றுக்கு, தவழ்பவைக்கும் அவையே. ஐங்குறுநூற்றில் ஆமைக்கும் பார்ப்பு, முதலைக்கும் பார்ப்பு. முட்டையிட்டு நீரும் நிலமுமாக வாழ்பவை அவை. தவளை அந்த வரிசையில்தான் உட்காரும். 'தவளைப் பார்ப்பு' என்று எழுதுங்கள். தவளை என்ற பெயரே தவழ்தலிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று எனக்கு நெடுநாளாக ஒரு எண்ணம். ளகரம் ழகரம் மயங்கும் சொற்கள் வேறும் உண்டு.

சிவகாசி, சனி காலை

பக்கம் வடிவமைக்கிறவன் எழுதுகிறேன். தமிழ்ச் சண்டையில் நான் இல்லை. 14ஆம் பக்கத்தில் படத்துக்குக் கீழே தலைப்புப் பெட்டி ஒரே வரி. 'முட்டைக்குள் உருமாற்றம்' போட்டால் எழுத்தைச் சுருக்கவேண்டும், பிள்ளைகள் புத்தகத்தில் எழுத்தைச் சுருக்க எனக்கு இஷ்டமில்லை. ஒற்றைச் சொல்லாக இருந்தால் நன்றாக உட்காரும்.

அப்புறம் ஐயா, தவளை தவழ்கிறதா? எங்கள் ஊர்க் கண்மாயில் அது தத்துகிறது.

மாஞ்சோலை, சனி பகல்

தவழ்தல் வேர் எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் 'பார்ப்பு' விஷயத்தில் நான் ஐயா பக்கம். என் காரணம் வேறு.

2017இல் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு புதிய இராத்தவளை இனங்களை விவரித்தார்கள். அவற்றில் நான்கு வெறும் 12.2இலிருந்து 15.4 மி.மீ. வரை. கட்டைவிரல் நகத்தில் ஒன்று உட்காரும். அந்த நான்கில் ஒன்று கிடைத்தது இங்கே பக்கத்தில், கக்காச்சியில். இத்தனை நாள் யாரும் கவனிக்காததற்குக் காரணங்கள் உண்டு. உருவம் சிறிசு, சருகுக்கும் சதுப்புப் புல்லுக்கும் அடியில் ஒளிந்து கிடக்கும், சத்தம் பூச்சி கத்துவது மாதிரி இருக்கும். பார்த்தவன்கூட 'குட்டி' என்று நினைத்து விட்டுவிடுவான். நானே முதல் வருடம் அப்படிச் செய்திருக்கிறேன். சருகைப் புரட்டியபோது ஒன்று குதித்தது. எந்தத் தவளையின் குட்டியோ என்று குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதாமல் நடந்தேன். இரண்டாம் வருடம் அதே இடத்தில் அதே அளவில் ஒன்று தொண்டைப் பையை உப்பிக் கத்திக்கொண்டிருந்தது. குட்டி கத்தாது. அது வளர்ந்த ஆண்.

'குட்டித்தவளை' என்றால் சிறிய தவளையா, இளம் தவளையா? ஒரு இனத்தை அடையாளம் காண்பதில் முதல் கேள்வியே இதுதான். அளவு, செவிப்பறை, விரல்நுனித் தட்டு, விரலிடைச் சவ்வு எல்லாம் அளப்பதற்கு முன்னால் இது வளர்ந்ததா என்று தெரியவேண்டும். அந்த இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பும் கையேட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது. 'பார்ப்பு' இளமையை மட்டும் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை.

யாழ்ப்பாணம், சனி மாலை

பார்ப்பு என்றால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்? 'தவளைக்குஞ்சு' என்றால் என்ன குறை? மீன்குஞ்சு சொல்கிறோம், கோழிக்குஞ்சு சொல்கிறோம். அதுவும் இளமையை மட்டும்தான் சொல்கிறது.

அம்பாசமுத்திரம், ஞாயிறு இரவு

எல்லோருக்கும் நன்றி. நேற்று அரைநாள் வகுப்பு இருந்தது. 'நேரடி வளர்ச்சி'யை 'நேர்வளர்ச்சி' என்று மாற்றிக்கொண்டு, மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதி, எதையும் விளக்காமல், "இதை வைத்து ஒரு தவளை எப்படிப் பிறக்கும் என்று படம் போடுங்கள்" என்றேன். 'நேர்வளர்ச்சி'க்குப் பெரும்பாலோர் முட்டை, பக்கத்தில் அம்புக்குறி, பக்கத்தில் தவளை போட்டார்கள். 'முட்டைக்குள் உருமாற்றம்' என்றதற்கு முட்டைக்குள் வால் வைத்துக் காலும் வைத்தார்கள். 'பாய்த்து வளர்ச்சி'க்கு முட்டை குதிப்பதாக ஒரு படம் வந்தது.

உண்மைக்கு நெருக்கமான படம் எது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் பெட்டியில் இடம் இல்லை, விடிந்தால் அச்சு. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்து, பெரும்பான்மை 'நேர்வளர்ச்சி' பக்கம். 'நேரடி'யில் இருக்கிற தேர்தல் வாடை அதில் இல்லை. ஆகவே பெட்டியில் 'நேர்வளர்ச்சி'. அடியில் தம்பியின் வாக்கியம்: 'தலைப்பிரட்டைக்கு (வாற்பேய்) நடக்கிற உருமாற்றம் இங்கே முட்டைக்குள்ளேயே நடந்து முடிகிறது.' அந்த வாக்கியம் இல்லாமல் அந்தச் சொல்லை நான் அச்சுக்கு அனுப்பமாட்டேன். தவளையின் பெயர் 'மூங்கில் புதர்த்தவளை'. குட்டிக்கு, ஐயா மன்னிக்கவேண்டும், 'தவளைக்குஞ்சு'.

உடல் நீளத்தை 'மூக்கு நுனியிலிருந்து எருவாய் (கழிவுத்துளை) வரை' என்று எழுதியிருந்தேன். எருவாய் என்ற சொல்லை யாராவது எதிர்ப்பீர்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியே போகிறது.

மாஞ்சோலை, ஞாயிறு பின்னிரவு

சரி டீச்சர். ஆனால் 'நேர்வளர்ச்சி' அந்த வாலை மறைக்கிற சொல் என்பதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன். அடுத்த பதிப்பில் பெட்டியைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது. வாசலுக்கு வெளியே மூன்று விதமாகக் கத்துகிறது. ஒன்று எந்த இனம் என்று எனக்குப் பிடிபடவில்லை, ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

பாளையங்கோட்டை, திங்கள் விடியற்காலை

டீச்சர், உங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். அச்சுக்குப் போன பிறகு இந்த மடலைப் படிப்பீர்கள் என்றும் தெரியும். குஞ்சு தவறான சொல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆமைக்கும் முதலைக்கும் இரண்டாயிரம் ஆண்டாக ஒரு சொல் வழங்கியிருக்க, அவற்றோடு ஒரே நீரில் கிடக்கிற தவளையை அந்த வரிசையிலிருந்து நாம் இறக்கிவிட்டோம். தம்பி மட்டும் தன் குறிப்பேட்டில் 'பார்ப்பு' என்று எழுதிவரட்டும். காட்டில் ஒருவர் வாயிலாவது அது இருக்கட்டும்.