சர்ச் சபையிலிருந்து வீடு பழுதுபார்க்கப் போயிருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்)

நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். நான் பாங்க்ல கிளார்க். ஆணி அடிச்சா விரல்லதான் விழும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல படிங்க.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறினப்போ எங்க ஊருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கு முந்தின வருஷம் நவம்பர் 30-ஐ நாங்க மறக்கல. ஒக்கி புயல். ஒரு பக்கம் ரப்பரும் வாழையும் சாஞ்சு கிடந்தது, இன்னொரு பக்கம் கடலுக்குப் போனவங்க திரும்பி வரல. அப்ப முன்ன பின்ன தெரியாத ஆட்கள் எங்கெங்கோ இருந்து வந்து, ரோட்டுல கிடந்த மரத்தை அறுத்துப் போட்டுட்டு, ஒரு டீயோட போயிட்டாங்க. அந்தக் கடன் பாக்கி இருந்துச்சு.

சபையோட ஆண்கள் ஐக்கிய சங்கத்துல பேசி, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்கு ஒதுக்கின பணத்தைக் கூரைச் சீட்டுக்கும் போல்ட்டுக்கும் திருப்பினோம். கேரலுக்கு எடுக்கிற ஜெனரேட்டரும் வேன் மேல ஏறிச்சு. மொத்தம் 14 பேர். தொழில் தெரிஞ்சவங்க ரெண்டே பேர், ஒரு ஆசாரி, ஒரு வெல்டர். மிச்சம் என்னை மாதிரி: வாத்தியார், எல்ஐசி ஏஜெண்ட், ரிட்டையர்டு கண்டக்டர்.

டிசம்பர் ரெண்டாவது வாரம். வேதாரண்யத்துக்கு வடக்கே ஒரு தோப்பு ஓரத் தெரு. கரண்ட் இன்னும் வரல. தென்னை எல்லாம் ஒரே பக்கமா படுத்திருந்துச்சு, தலை சீவின மாதிரி. எங்களுக்கு விழுந்த முதல் வீடு ஒரு பாட்டியோடது. மண்சுவர் நிக்குது, மேல வானம். பாட்டி, மக, ரெண்டு பேரப்பிள்ளைங்க. ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதுக்குக் கீழ இருந்தாங்க.

ஆசாரி கணக்குப் போட்டார். வடகிழக்குப் பருவமழை, அடி வடக்கேயிருந்துதான் வரும், அதனால வடக்கு ஓரத்துல போல்ட்டை நெருக்கமா போடு, தெற்குல கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடலாம். போல்ட்டும் எண்ணிக் கொண்டு போனதுதான். எங்களுக்கு நியாயமாப் பட்டுச்சு, முடுக்க ஆரம்பிச்சோம்.

பாட்டி உரல் மேல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் கேட்டாங்க: "வடக்கால மட்டும் ஏன் தம்பி இம்புட்டு முடுக்குறீங்க?"

ஆசாரி பொறுமையா விளக்கினார். பாட்டி முழுசாக் கேட்டாங்க.

"அன்னிக்கு வடக்கால வந்த காத்து கூரையத் தூக்கலையே. ஆட்டுச்சு, அவ்வளவுதான். அப்பறம் நின்னு போச்சு. ஒரு பூச்சி சத்தங்கூட இல்ல. போயிடுச்சுடா சாமின்னு வெளிய வந்து பாத்தோம். அப்பதான் தெக்கேருந்து திரும்பி வந்துச்சு. ஆட்டி வெச்சதையெல்லாம் அதுதான் புடுங்கிட்டுப் போச்சு."

ஆசாரி ஏணியிலிருந்து இறங்கிட்டார். புயலோட கண், கண்ணு கடந்த பிறகு காத்து எதிர்த் திசையில திரும்பும்னு நாங்க பேப்பர்ல படிச்சிருந்தோம். படம் போட்டுக் காட்டியிருந்தாங்க. பாட்டி அந்தக் கண்ணுக்குள்ள, இடுப்புல பேரனை வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னிருக்காங்க. 14 பேர்ல ஒருத்தருக்கும் அவங்ககிட்ட முதல்லயே கேக்கணும்னு தோணல.

தெற்கு ஓரத்தையும் அதே நெருக்கத்துல போட போல்ட் பத்தல. வெல்டர் யாரோட பைக்கையோ வாங்கிட்டுத் திருத்துறைப்பூண்டி போய்த் தேடி வர இருட்டிடுச்சு. அன்னிக்கு முடிக்க வேண்டிய ரெண்டாவது வீட்டைத் தொடவே இல்ல. அந்த வீட்டுக்காரர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துது. அதையும் சொல்லணும்.

என் பங்குக்கு ஒரு தப்பு. சீட்ல ஓட்டை போடுறப்போ மேட்டுலதான் போடணும், பள்ளத்துல போட்டா தண்ணி அது வழியாத்தான் ஓடும். இதை எனக்கு மூணு தடவை சொன்னாங்க. நான் ஒண்ணைப் பள்ளத்துல போட்டேன். வாஷரைச் சுத்தித் தாரைப் பூசிட்டு யார்கிட்டயும் சொல்லாம இறங்கிட்டேன்.

உங்க கதை?

---

உப்பளத்துப் பையன்

நான் அகஸ்தியம்பள்ளி பக்கம். போனவங்க கதைதான் எப்பவும் வருது, வாங்கினவன் கதையும் கொஞ்சம் இருக்கட்டும்.

முதல் பத்து நாள் வந்த லாரியெல்லாம் மெயின் ரோட்டோட நின்னுடும். உள்ள வர வழி இல்ல, மரம் கிடக்கு, போஸ்ட் கிடக்கு, அது நியாயம்தான். ஆனா ரோட்டோரத்து ஆளுக்கே மூணு தடவை அரிசி, உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் இல்ல. பழைய துணி மலை மாதிரி குவிஞ்சு, மழையில நனைஞ்சு, கடைசியில அதைக் கூட்டி அள்ளறது எங்க வேலையாச்சு. எங்க ஊர் வெக்கைக்குக் கம்பளி ஸ்வெட்டர் அனுப்பின புண்ணியவான் யாருன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.

அரசாங்கம் முழுசா போன குடிசைக்கு 10,000, பாதி சேதத்துக்கு 4,100 அறிவிச்சது. சுவர் நிக்குது, கூரை இல்ல. இது முழுசா, பாதியா? அந்தச் சண்டை தனிக்கதை.

எங்க தெருவுக்கு ஒரு சபையிலிருந்து 20 பேர் வந்தாங்க. பேர் வேண்டாம். நல்ல மனுஷங்க, வேர்க்க வேர்க்க வேலை செஞ்சாங்க. விழுந்த தென்னை மட்டையை வெட்டி, கிழிச்சு, அன்னிக்கே முடைஞ்சு, அன்னிக்கே மேல ஏத்திட்டாங்க. மட்டையைத் தண்ணியில ஊறப்போடாம முடைஞ்ச கீற்று எத்தனை நாள் நிக்கும்? அடுத்த வெயிலுக்குள்ள பூச்சி அரிச்சு உதிர்ந்துடுச்சு. மாத்தலாம்னா கீற்றுக்கு எங்க போறது, மரமே இல்லையே. விழுந்த மரத்துக்கு வெட்டுகூலியோட சேத்து 1,100 கொடுத்தாங்க. புதுக் கன்னு வெச்சு அது மட்டை விட எத்தனை வருஷம் ஆகும்னு தோப்புக்காரனைக் கேளுங்க.

எங்கப்பா கூரை வேயற ஆள். ஊர்ல எல்லாக் கூரையும் போன மாசத்துல அவருக்கு வேலை இல்லாம போச்சு, ஏன்னா இலவசமா ஆள் வந்துட்டாங்க. அவரு திண்ணையில உக்காந்து, தப்புத் தப்பா வேயறதைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. வாயைத் திறக்கல. தானம் கொடுக்கிறவங்ககிட்ட குறை சொல்லக் கூடாதாம்.

ஜனவரியில இன்னொரு குழு வந்துச்சு. அவங்க தெருவுக்குள்ள வந்த உடனே "இங்க வேயறவர் யாரு?"ன்னு கேட்டாங்க. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முழுக் கூலி. இவங்க எடுத்துக் கொடுத்தாங்க, கயிறு இழுத்தாங்க, திட்டும் வாங்கினாங்க. படிச்ச ஒருத்தரை அப்பா "அந்தக் கழியப் புடிக்கத் தெரியல, நீயெல்லாம் என்ன ஆபீசரு"ன்னு கேட்டாரு. அந்த மனுஷன் சிரிச்சுட்டாரு. புயலுக்கு அப்புறம் எங்கப்பா சாயங்காலம் நிமிர்ந்து நடந்து வந்ததை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

---

டீச்சர் (தஞ்சாவூர்)

உப்பளத்துத் தம்பி சொல்றது சுருக்குன்னு இருக்கு, ஆனா சரி.

எங்க லுத்தரன் சபையிலிருந்து பெண்கள் 6 பேர் போனோம், சமையலுக்குன்னு. ஆண்கள் முதல் நாளே வீடு வீடாப் போய் என்னென்ன பழுதுன்னு நோட்டுல எழுதிட்டாங்க. கூரை, கதவு, சுவர். அழகா கோடு போட்ட நோட்டு.

ரெண்டாம் நாள் சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போ ஒரு பொண்ணு வந்து பக்கத்துல குந்தினா. 20 வயசு இருக்கும், கைக்குழந்தை. ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, "அக்கா, கூரை இருக்கட்டும். குளிக்கிற மறைப்பு போயிடுச்சு. மூணு வாரமா விடியறதுக்கு முன்ன இருட்டுல குளிக்கிறேன்"னு சொன்னா.

நாலு கழி, சுத்தி ஓலைத்தட்டி. எல்லா வீட்டிலயும் கொல்லைப்புறம் அதுதான் முதல்ல பறந்திருக்கு. அந்த நோட்டுல ஒரு வீட்டுக்குக்கூட அது எழுதல. ஆம்பளைங்க வாசல்ல நின்னு கேட்டிருக்காங்க, வீட்டு ஆம்பளைங்க பதில் சொல்லியிருக்காங்க. எந்தப் பொண்ணு வந்து அதைச் சொல்லுவா?

மறுநாள் நாங்க சமையலை ரெண்டு பேர்கிட்ட விட்டுட்டுக் கொல்லைப்புறம் பக்கம் போனோம். நாலு பேரும் சேர்ந்து ஒரு மறைப்பை ஒன்றரை மணி நேரத்துல கட்டலாம்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. ஏழு வீடு முடிச்சோம். பச்சை நிற வலைத்துணியை ரெண்டு மடிப்பா. அழகா இல்ல. அந்தப் பொண்ணு பட்டப்பகல்ல தலைக்குக் குளிச்சுட்டு ஈரத் தலையோட எங்களுக்குக் காபி கொண்டு வந்தா.

---

மலைப்பாதை (டென்னசி, அமெரிக்கா)

இங்க இருந்து ஒரு கதை. இங்க அப்பலாச்சியா மலைப்பகுதியில வீடு பழுதுபார்க்கிற அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு இருக்கு. 1969-ல கென்டக்கியில டெக்ஸ் எவன்ஸ்னு ஒரு மெத்தடிஸ்ட் போதகர் 50 பேரைச் சேர்த்து நாலு வீட்டைப் பழுதுபார்த்ததுல தொடங்கினது. இப்ப தலைமையிடம் ஜான்சன் சிட்டி. வேடிக்கை என்னன்னா, வேலை செய்யப் போறவங்களே காசு கட்டணும். ஊருக்கு போன்ல இதைச் சொன்னப்போ அம்மா, "காசு கட்டி அடுத்த வீட்டு ஒழுகலை அடைக்கிறே, இங்க ஒழுகற குழாயை மாத்த லீவு கிடைக்கல"ன்னாங்க. பதில் இல்லை.

நாங்க போனது மேற்கு வர்ஜீனியாவுல ஒரு நிலக்கரி மலைப்பக்கம். அமெரிக்காவுல இப்படி வீடு இருக்கான்னு நம்ம ஆட்கள் கேப்பாங்க. இருக்கு. டிரெய்லர் வீடு, குழாய் கசிஞ்சு தரைப்பலகை ஊதி, கால் வெச்சா அமுங்குது. எங்களுக்குக் கொடுத்த வேலை சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்னு கணக்கு. வாசல் ரெண்டடி உயரம், அப்ப 24 அடி. முற்றத்துல அவ்வளவு இடம் இல்ல, நடுவுல ஒரு மேடை வெச்சுத் திருப்பணும். அஞ்சு நாள் ஆச்சு.

அந்த வீட்டுக்காரர் சுரங்கத்துல இருந்தவர், நுரையீரல் போயிடுச்சு. அஞ்சு நாளும் வெளிய வரல. மனைவி வந்து பேசுவாங்க, எலுமிச்சை ஜூஸ் கொடுப்பாங்க. ஜன்னல் திரை மட்டும் அப்பப்ப லேசா நகரும். வெள்ளிக்கிழமை கிளம்பும்போதும் வரல. எங்க குழுவுல சிலருக்கு வருத்தம், ஒரு நன்றி சொல்லலையேன்னு. எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுக்கு அடுத்தவங்க வந்து இப்படிச் செஞ்சிருந்தா அவரும் வெளிய வந்திருக்க மாட்டாரு.

---

எட்டாம் நம்பர்

எல்லாம் சரி. கடைசியில கையில ஒரு மதப் பிரச்சாரத் துண்டுப்பிரசுரம் திணிச்சிருப்பீங்களே?

---

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்)

நல்ல கேள்வி, கோபம் இல்லை. எங்க வேன்லயும் ஒருத்தர் ஒரு கட்டு கொண்டு வந்தார். ஐயர் (நம்ம ஊர்ல போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) திருநெல்வேலி தாண்டுறதுக்குள்ள அதை வாங்கி சீட்டுக்கு அடியில வெச்சிட்டார். "வெறுங்கையா இருக்கிறவங்ககிட்ட போய் எதையும் கேக்கக் கூடாது, கேட்டா அவங்களால இல்லைன்னு சொல்ல முடியாது"ன்னார். எல்லாக் குழுவும் அப்படி இருந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இருந்தாலும் ஒண்ணு. அந்தப் பாட்டி வீட்டுச் சுவர்ல மாரியம்மன் படம், கண்ணாடி போட்டது. புயல்ல மேல இருந்த கூரை போச்சு, அது ஆணியோட நின்னிருக்கு. சட்டம் ஏத்தறப்போ விழுந்துடும்னு எங்க கண்டக்டர் அண்ணன் கழட்டி, தன் தோள் துண்டுல சுத்தி, வேலை முடியற வரைக்கும் எங்கேயும் கீழ வைக்காம மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். அவர் சபையில டீக்கன். முடிஞ்சதும் "பாட்டி, எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்?"னு கேட்டார். வேலை செய்யாம தப்பிக்க நல்ல வழி கண்டுபிடிச்சார்னு நாங்க வேன்ல ஓட்டினது வேற விஷயம்.

---

கொத்தனார் மகன்

பாட்டி சொன்னதும் சரி, நீங்க செஞ்சதும் சரி, ஆனா பாதிதான் சரி. சீட்டைச் சட்டத்தோட போல்ட் போட்டுட்டா ஆச்சா? சட்டத்தைச் சுவரோட எது புடிச்சிருக்கு? சும்மா மேல தூக்கி வெச்சிருந்தா, அடுத்த காத்துக்குச் சீட்டும் சட்டமும் ஒண்ணாச் சேர்ந்து பறக்கும். நல்லா முடுக்கினதுக்கு அதுதான் பலன். சுவர்ல மூணு வரி கீழ வரைக்கும் இரும்புப் பட்டையோ கம்பியோ இறக்கி, மேல சட்டத்தைச் சுத்தி இறுக்கணும். மண்சுவர்னா அதுவும் தாங்காது, மூலைக்கு ஒரு தூண் வேணும். வெளிய நீட்டி விடுற இறவாரத்தையும் குறைச்சுக்கணும், காத்து கை வைக்கிறது அங்கதான்.

அவசரத்துல கூரை போடுறவங்க எல்லாரும் இதை விட்டுடறாங்க. உங்க ஆசாரி கட்டினாரா?

---

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்)

கட்டினார். நாலு மூலையிலயும் சவுக்குத் தூண் நட்டு அதுலதான் சட்டத்தைக் கம்பி போட்டு இறுக்கினது. எனக்கு அது எதுக்குன்னு இன்னிக்கு உங்ககிட்டதான் புரிஞ்சுது. அன்னிக்கு "இது வேற ஏன், நேரம் ஆகுது"ன்னு முணுமுணுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

2020 டிசம்பர்ல புரெவி புயல் வந்தப்போ பயந்து பாட்டியோட மகளுக்கு போன் போட்டேன். காத்து பெருசா இல்லையாம், ஆனா மழை நாலு நாள் விடல. பாட்டியே போனை வாங்கிட்டாங்க.

"ஒண்ணும் பறக்கல தம்பி, நல்லா இருக்கோம். அடுப்புக்கு மேல ஒரு எடத்துல மட்டும் சொட்டுது. தார் பூசின எடம்."

நான் ஒண்ணும் பேசல.

"நீங்க பூசுனதுதானே? அன்னிக்கே பாத்தேன். ஏனம் வெச்சிருக்கேன், ரொம்பினா ஊத்திக்கிறேன். இந்தப் பக்கம் வந்தா அடைச்சுட்டுப் போங்க."

கொரோனா, அப்புறம் டிரான்ஸ்பர், இன்னும் போகல. மேட்டுல புதுசாப் போட்டாச்சுன்னா பள்ளத்து ஓட்டையை எதை வெச்சு அடைக்கிறது, கொத்தனார் மகன்? சீட்டையே மாத்தணுமா?