கோல் நுனியில் ஒட்டும் அந்தத் துண்டுக்கு ஒரு சொல் வேண்டும்

தும்பி எழுதியது:
வணக்கம். மேசைமேல் பந்துகளைக் கோலால் தள்ளி ஆடும் பூல் ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு முழு அதிகாரம் கோலுக்கு எந்த டிப் பொருந்தும் என்பதைப் பற்றியது. மென்மையான டிப், கடினமான டிப், அடுக்கு டிப், டிப்பின் வளைவு என்று வரிக்கு வரி அதேதான். இப்போதைக்கு 'முனை' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் 'பழைய முனையை வெட்டியெடுத்துவிட்டுப் புது முனையை ஒட்டவும்' என்று எழுதினால், படிப்பவர் ரம்பத்தை எடுத்துக் கோலையே அறுத்துவிடுவார் போலிருக்கிறது. நல்ல சொல் கொடுங்கள்.

ஒற்றெழுத்து எழுதியது:
கோல் + முனை = கோன்முனை. மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும். நன்னூலைப் புரட்டிய எவருக்கும் இது தெரியும். நுனிதான் வேண்டுமென்றால் கோல் + நுனி = கோனுனி. 'பால் நினைந்து' என்பது 'பானினைந்து' ஆகிறதல்லவா, அதே விதி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பச்சைமேசை எழுதியது:
ஐயா, கோன்முனை என்றால் அரசன் ஏதோ போர்முனைக்குப் போனதுபோல் இருக்கிறது. கோனுனி என்று சொன்னால் ஆட்டக்காரர் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடலாம். டிப் என்பது கைக்கு வரும்போது வட்டமான சின்னத் துண்டு. பூல் கோலுக்குப் பெரும்பாலும் 12 முதல் 13 மி.மீ. குறுக்களவு, அதே மாதிரி இன்னொரு மேசையாட்டமான ஸ்னூக்கரின் கோலுக்கு 9 முதல் 10 மி.மீ. பந்தின் அளவு வேறு என்பதும் இதற்கு ஒரு காரணம்: பூல் பந்து 57 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஸ்னூக்கர் பந்து 52.5. இந்தத் துண்டின் அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்த்து, பூணின் மேல் பசை தடவி ஒட்டி, ஓரத்தைப் பூணோடு ஒட்டச் சீவி, மேற்பக்கத்தைக் குவிவாக உருட்டி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அது கோலின் முனை. அதுவரை அது தனிப் பொருள். நமக்குச் சொல் வேண்டியது அந்தத் தனிப் பொருளுக்கு.

கூழாங்கல் எழுதியது:
போகிற போக்கில் 'பூண்' என்று சொல்லிவிட்டீர்கள், அருமை. உலக்கைக்குப் பூண் உண்டு, கைத்தடிக்குப் பூண் உண்டு, இந்தக் கோலுக்கும் அதுவே. அதைப் பற்றி இங்கே யாரும் சண்டை போடப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது என் பரிந்துரை. பழம்பாடல்களில் முழவு, கிணை போன்ற தோற்கருவிகளில் அடிபடும் முகத்துக்குக் 'கண்' என்று பெயர். தோலும் இருக்கிறது, அடியும் இருக்கிறது. கோல் + கண் = கோற்கண். இரண்டாயிரம் ஆண்டாக நம் வீட்டில் கிடக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் வெளியே அலைய வேண்டும்?

ஒற்றெழுத்து எழுதியது:
கோற்கண். வேற்றுமையில் வல்லினம் வர லகரம் றகரமானது. புணர்ச்சியில் குற்றம் காண முடியவில்லை. ஏற்கிறேன்.

பச்சைமேசை எழுதியது:
நான் ஏற்கவில்லை. முழவில் தோல் அடி வாங்குகிறது. இங்கே தோல் அடி கொடுக்கிறது. அதோடு, 'வழவழப்பாகிவிட்ட கண்ணை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கவும்' என்று கையேட்டில் அச்சிட்டுப் பாருங்கள். புதிதாக வருபவர் அப்படியே ஓடிவிடுவார்.

கூழாங்கல் எழுதியது:
ஊசிக்கண், வலைக்கண், தேங்காய்க் கண் என்றெல்லாம் சொல்கிறோமே, யார் ஓடினார்கள்? கரும்பின் கணுவைக் கண் என்பதும் உண்டு. கண், கணு, கணை மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கணுவுள்ள மூங்கிலில் செய்த அம்பு கணை ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. கோலும் ஒருவகைக் கணைதானே, எய்வதற்குப் பதில் தள்ளுகிறோம். ஆகவே கோற்கண் என்பதில்...

கீழ்க்குறிப்பு எழுதியது:
அண்ணா, அம்பு வரை போயாயிற்று, இனி வில்லுக்கும் போய்விடுவீர்கள். தும்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு.

'தோல்நுனி' என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரே நெருடல், தோற்பதற்கும் பகுதி 'தோல்'தான். ஆட ஆரம்பிக்கும் முன்பே கையில் தோல்வியைக் கொடுத்த மாதிரி ஆகும். ஆனால் வரலாறு தோலின் பக்கம். 1807 வாக்கில் கோல் நுனியில் தோல் ஒட்டும் முறையைச் சீராக்கியவர் பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. பாரிஸ் சிறையில் இருந்தபோது செய்த வேலை அது என்பார்கள். வெறும் மரக்கோலால் பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். தோல் வந்த பிறகுதான் பந்தைச் சுழற்றி ஆடுவதே கைவசப்பட்டது.

இன்னொன்று. ஸ்னூக்கர் பிறந்தது 1875இல் ஜபல்பூரில். அதன் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது 1882இல் ஊட்டி மன்றத்தில். அவ்வளவு பக்கத்தில் நடந்தும் நம்மிடம் கோலின் தலைக்கு ஒரு சொல் இல்லை.

பச்சைமேசை எழுதியது:
மாட்டியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள், தம்பி. உள்ளூர்க்காரருக்குச் சொல் எங்கிருந்து வரும்?

'தோல்' வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கென்று தனிக்கோல் வைத்திருப்பவர்கள் அதில் பெரும்பாலும் ஃபீனாலிக் பிசின் டிப் போடுவார்கள். கல்லாட்டம் இருக்கும், தோலே கிடையாது. 'ஃபீனாலிக் தோல்நுனி' என்று எழுத முடியுமா?

தும்பி எழுதியது:
இப்படியே போனால் முடியாது. கையேட்டிலிருந்து மூன்று வாக்கியம் தருகிறேன். உங்கள் சொல்லைக் கோடிட்ட இடத்தில் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள்.

'மென்மையான ____ பந்தைக் கூடுதல் நேரம் பிடித்து நிறைய சுழற்சி தரும். ஆனால் சீக்கிரம் அமுங்கி விளிம்பு பிதுங்கும்.'
'ஒற்றைத் தோலில் வெட்டிய ____ ஒன்றைப்போல் ஒன்று இருக்காது; அடுக்கு ____ சீராக இருக்கும்.'
'____ மினுங்க ஆரம்பித்தால் சாக் (வழுக்காமலிருக்க அதன் மேல் பூசும் பொடி) பிடிக்காது.'

பச்சைமேசை எழுதியது:
சொல்லை விடுங்கள், முதல் வாக்கியத்தின் விஷயமே பாதி தப்பு. டிப்பும் பந்தும் தொட்டுக்கொள்வது ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மென்மையானதில் அது ஒரு துளி நீளும், அவ்வளவுதான். சுழற்சியைத் தீர்மானிப்பது பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகி அடிக்கிறோம் என்பது. ஆரத்தில் பாதியளவுக்கு மேல் விலகினால் மென்மையோ கடினமோ, எதுவானாலும் வழுக்கும். சாக் ஒழுங்காகப் பூசி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் கடினமான டிப்பிலும் பந்து நன்றாகவே சுழலும். மென்மையானதை வைத்திருந்தால் அடிக்கடி உருட்டிச் சீவ வேண்டும். கடினமானது உருக்குலையாது, ஆனால் பளபளப்பேறிவிடும், கீறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புதியவருக்கு நடுத்தரம் போதும். அதிலும் ஒருவரின் 'நடுத்தரம்' இன்னொருவரின் 'கடினம்'. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. மூரி, கமுய் போன்ற ஜப்பானிய அடுக்கு வகைகள் பன்றித்தோல் என்பதையும் ஓரமாகச் சொல்லிவிடுங்கள், சிலர் கேட்பார்கள்.

தும்பி எழுதியது:
அண்ணா, நான் மொழிபெயர்க்கிறேன், நூலை எழுதியது நான் இல்லை. 'என்பார்கள்' என்று முடித்துவிடுகிறேன், அதுதான் என்னால் ஆனது.

கீழ்க்குறிப்பு எழுதியது:
வட்டமாக, தட்டையாக, சின்னதாக இருப்பதற்கு 'வில்லை' இருக்கிறதே? மருந்து வில்லை, அஞ்சல் வில்லை, பழைய சேவகர்களின் மார்பு வில்லை. தோலானாலும் பிசினானாலும் பொருந்தும். ஒட்டுவதற்கு முன்னும் வில்லை, ஒட்டிய பின்னும் வில்லை. 'முனைவில்லை' என்று வைக்கலாமா?

கூழாங்கல் எழுதியது:
பள்ளிப் பாடத்தில் கண்ணாடி லென்சுக்கு வில்லை என்று சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. குவிவில்லை, குழிவில்லை. பச்சைமேசை வேறு மேற்பக்கத்தைக் குவிவாக்கச் சொல்கிறார். குழப்பத்துக்கு வேறு வினையே வேண்டாம்.

ஒற்றெழுத்து எழுதியது:
அதைவிடப் பெரிய சிக்கல். முனைவு + இல்லை = முனைவில்லை. 'மென்மையான முனைவில்லை', 'அடுக்கு முனைவில்லை'. முயற்சியே இல்லாத ஆட்டக்காரருக்கு எழுதிய கையேடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

பச்சைமேசை எழுதியது:
இந்த நூலிழையில் நான் வாய்விட்டுச் சிரித்தது இதற்குத்தான். சரி, முனையை எடுத்துவிட்டுக் கோலைப் போடுங்கள். கோல்வில்லை.

ஒற்றெழுத்து எழுதியது:
கோல் + வில்லை. இடையினம் வந்தால் இயல்பு. திரிபு இல்லை, சேர்த்தே எழுதலாம். இலக்கணப்படி தடை சொல்ல ஒன்றும் இல்லை. மனத்துக்குக் கோற்கண்தான் இனிக்கிறது.

கீழ்க்குறிப்பு எழுதியது:
முதல் இடத்தில் 'கோல்வில்லை, அதாவது டிப்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் வெறும் 'வில்லை' போதும். மூன்று வாக்கியத்திலும் வைத்துப் படித்தேன், நாக்கு இடறவில்லை.

தும்பி எழுதியது:
கோல்வில்லைக்கு மூன்று பேர், கோற்கண்ணுக்கு ஒருவர், இரண்டுக்கும் நடுவில் ஒற்றெழுத்து ஐயா. கோல்வில்லை என்றே போட்டு அதிகாரத்தை முடிக்கிறேன். இன்னொரு சந்தேகம், சாக்கைச் 'சுண்ணக்கட்டி' ஆக்கலாமா?

பச்சைமேசை எழுதியது:
ஆக்காதீர்கள். 1897இல் அமெரிக்கர்களான ஸ்பிங்க்ஸும் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே அதில் சுண்ணாம்பு கிடையாது, மணற்சத்தும் அராவும் பொடியும்தான். இல்லாத சுண்ணாம்பைப் பெயரில் பூச வேண்டாம். சாக் என்றே இருக்கட்டும்.

கூழாங்கல் எழுதியது:
சாக் சாக்காகவே இருக்கலாம், டிப் மட்டும் கூடாதோ? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கோல்வில்லை என்பது புரிகிற சொல், ஆனால் வேர் இல்லாத சொல். கோற்கண் பற்றித் தனிக்கட்டுரை எழுதப்போகிறேன்.

கீழ்க்குறிப்பு எழுதியது:
எழுதுங்கள் அண்ணா, வாசிக்கிறோம். தும்பி, வளைவுக்கு என்ன செய்தீர்கள்? அமெரிக்க நாணயத்தை வைத்து 'டைம் வளைவு', 'நிக்கல் வளைவு' என்பார்களே. டைம் என்று போட்டால் நம்மவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

தும்பி எழுதியது:
நாணயத்தையே தூக்கிவிட்டேன். டைம் இருந்த இடத்தில் 'ஏறத்தாழ 9 மி.மீ. ஆர வளைவு', நிக்கல் இருந்த இடத்தில் 'ஏறத்தாழ 10.6 மி.மீ. ஆர வளைவு'. அதிகாரத்தை அனுப்பியாயிற்று. அடுத்த அதிகாரம் கோலைப் பிடிக்கும் கை, மேசையில் ஊன்றும் கை பற்றியது. அங்கே 'பிரிட்ஜ்' என்று ஒன்று வருகிறது. பாலம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், தயவுசெய்து.