மறு: துவக்க ஏற்றியும் இயங்குதளமும் பகிரும் நிரலுக்கு என்ன சொல்?

வணக்கம். கருவியை இயக்கியதும் முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றும் நிரல்தான் துவக்க ஏற்றி (bootloader).

> 'நிரல் மறுபயன்பாடு' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

போதாது என்பது என் கட்சி. மூன்று வேறு காரியங்களை அந்த ஒரே சொல் மூடிவிடுகிறது.

உட்பொதி கருவிகளுக்கான ஈகாஸ் (eCos) இயங்குதளத்தையும் அதன் துவக்க ஏற்றியான ரெட்பூட்டையும் (RedBoot) பாருங்கள். வன்பொருளைத் தொடும் அடுக்கு, ஃபிளாஷ் இயக்கி, ஈதர்நெட் இயக்கி எல்லாம் ஒரே மூலநிரல். புதிய மின்சுற்றுப் பலகைக்கு ஒரு தரம் எழுதினால் இரண்டும் ஓடும். இதற்குப் 'பொதுநிரல்' போதும், சண்டை வேண்டாம்.

இன்னொரு துவக்க ஏற்றியான யூ-பூட் (U-Boot) அப்படியல்ல. அதில் ஃபிளாஷ் நினைவகத்தையும் அதிலுள்ள கோப்புகளையும் கையாளும் யூபிஐ (UBI), யூபிஐஎஃப்எஸ் (UBIFS) பகுதிகள் லினக்ஸ் கெர்னலிலிருந்து பெயர்த்து வந்தவை. வந்த இடத்தில் பல்பணி (multitasking) கிடையாது. எனவே பணிகள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் பூட்டுகளான மியூட்டெக்ஸ், ஸ்பின்லாக் எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத மேக்ரோக்களாகிவிடுகின்றன. லினக்ஸில் பின்னர் திருத்தப்படும் பிழை தானாக இங்கே வந்து சேராது, யாராவது சுமந்து வர வேண்டும். உரிமமும் கூடவே வரும். இரண்டும் ஜிபிஎல் 2 (GPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இருப்பதால் இங்கே தகராறு இல்லை. இதைப் 'பதியநிரல்' என்கிறேன். பதியம் போட்ட கிளை வேர்விட்டதும் தாய்ச்செடியிடமிருந்து வெட்டப்பட்டுத் தனிச்செடியாகிறது அல்லவா? 'ஒட்டுநிரல்' என்று முன்மொழிந்த நண்பரே, சொல் அழகுதான். ஆனால் 'வெட்டு, ஒட்டு' என்று கணினியின் கட்டளைப் பட்டியலில் (menu) பார்த்துப் பழகியவர்கள் வேறு பொருள் கொள்வார்கள்.

மூன்றாவது வகையில் நகலே இல்லை. ரோமில் இருக்கும் ரெட்பூட், ரேமில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு முகவரி அட்டவணையை அமைக்கிறது. ஈகாஸ் பயன்பாடு ஓடும்போது அதன் வழியாக ரெட்பூட்டின் நிரலையே அழைத்து சீரியல் போர்ட்டில் எழுதலாம். கணினியின் நிலைபொருளான (firmware) யூஇஎஃப்ஐ (UEFI), ஓடும் இயங்குதளத்துக்குத் தரும் இயக்கநேரச் சேவைகளும் இந்த இனமே. 'இரவல் நிரல்' எனலாம்.

> இரவல் என்றால் திருப்பித் தர வேண்டாமா?

வேண்டும்தான், ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது உடைமை கைமாறாதது. ரெட்பூட்டை அழித்துவிட்டால் அதை நம்பியிருந்த பயன்பாட்டின் வாயும் அடைத்துவிடும்.

பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று விவரிக்கும் சாதன மரக் (device tree) கோப்புகளை இந்த மூன்று வகைகளில் எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாற்றம். 2024 முதல் யூ-பூட், லினக்ஸ் மூலத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் அந்தக் கோப்புகளின் தொகுப்பை அப்படியே தன் மூலநிரலுக்குள் இணைத்துக்கொள்கிறது. நகல்தான், ஆனால் கை வைப்பதில்லை. என் வாக்கு பொதுநிரலுக்கு. அது நிரலே அல்ல, வெறும் தரவு என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.