வேளி மினி ரயிலும் அப்பாவின் ஒரே கேள்வியும்

புனலூரிலிருந்து எழுதுகிறேன். பூங்கா ரயிலில் போன அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் பாதி அப்பாவுடையது.

அப்பா செங்கோட்டை லோகோ ஷெட்டில், நீராவி எஞ்சினுக்குத் தீப்போடும் ஃபயர்மேனாக இருந்தவர். 1904-இல் திறந்த கொல்லம் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் மேலும் கீழுமாகப் போய்வந்தே அவருடைய இளமை கழிந்தது. ஆரியங்காவு மலைக்குகைப் பாதை நெருங்கும்போது, எஞ்சின் புகைக்காகத் துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்களாம். குகையைத் தாண்டியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்களாம். இப்போது அவருக்கு 84 வயது.

போன மாதம் பேத்தியின் நச்சரிப்பு தாங்காமல் குடும்பத்தோடு திருவனந்தபுரம் வேளிக்குப் போனோம். அங்கே ஓடுவது 2020 நவம்பரில் தொடங்கிய சூரியசக்தி மினி ரயில். இரண்டரை கிலோமீட்டர் பாதை, மூன்று பெட்டிகள், ஒரு நடைக்கு 45 பேர். எஞ்சின் மட்டும் அந்தக் காலத்து நீராவி எஞ்சின் போலவே இருக்கிறது. புகைபோக்கியில் செயற்கைப் புகைகூட வருகிறது. பேத்தி குதித்தாள். அப்பா ஏறாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு ஓட்டுகிற பையனிடம் மலையாளத்தில் கேட்டார்: “வெள்ளம் எவிடே?”

பையன் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் சிரித்தார். கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடியைத்தான் அவர் தேடியிருக்கிறார். எஞ்சினில் ஏறியதும் ஃபயர்மேனின் கண் முதலில் போகிற இடம் அதுதானாம். தண்ணீர் மட்டம் இறங்கி, தீ எரிகிற அறையின் கூரை வெளியே தெரிந்தால் கொதிகலனே வெடிக்கும். அதற்காகக் கூரையில் ஈய அடைப்பு ஒன்று வைத்திருப்பார்கள். சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, நீராவி தீயின்மேல் பீறிட்டு எச்சரிக்கும். “ஈயம் உருக விட்டவன் என்று பேர் வாங்கினால் ஷெட்டில் தலைகாட்ட முடியாது” என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே பேச்சுதான். பூங்கா பத்து மணிக்குத் திறக்கிறது என்றால், குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் தீ மூட்டி ஸ்டீம் ஏற்ற விடியுமுன்பே ஒருவர் வந்தாக வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே பாறை போலப் படியும். அதனால் அவ்வப்போது கொதிகலனைக் காலி செய்து கழுவ வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும், குழாய்களில் கரி தட்ட வேண்டும். சட்டமும் சும்மா விடாது. கொதிகலன் சட்டப்படி ஆண்டுதோறும் சோதனை, சான்றிதழ், தகுதிபெற்ற ஆள் எல்லாம் வேண்டும். ஒரு குழந்தை பத்து நிமிடம் சுற்றிவர இத்தனை பாடு. சோலாருக்கு மாறியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பல பூங்காக்களில் ஓடுவது, 1863-இல் செய்த ஒரு நீராவி எஞ்சினின் சாயலை மட்டும் வாங்கிக்கொண்ட ரயில்கள். உள்ளே இருப்பது பெட்ரோல் அல்லது டீசல் மோட்டார். கலிபோர்னியா டிஸ்னிலாந்தோ 1955-இல் திறந்த நாளிலிருந்து நிஜ நீராவியை விடவில்லை. பூங்காச் சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக்கூட எரிபொருளாக மாற்றி எரித்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அப்பா, “அப்படியானால் ஸ்டேஷனெல்லாம் வடை வாசம் அடிக்குமே” என்றார்.

*

மூணாறிலிருந்து:

அண்ணாச்சி, வெள்ளம் என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கதைதான் நினைவுக்கு வந்தது. இங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. 1902-இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம், 1908 முதல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போய், கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். மலையாளிகள் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்களே, கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924-இல் வந்தது, அது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி யாரும் போடவில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் வேலிக்கால் போல ஒரு இரும்பு நிற்கிறது. தண்டவாளத் துண்டு என்பார் தாத்தா. துணி காயப்போடுகிறோம். டாப் ஸ்டேஷனில் ஜீப்பை விட்டு இறங்குகிற சுற்றுலாக்காரர்கள் ஸ்டேஷன் எங்கே என்று இன்றும் கேட்கிறார்கள்.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது. எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு பழைய எஞ்சினை மேடையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சின்ன வயதில் அதன் மணியை அடித்திருக்கிறேன். பின்பு மணி போயிற்று, பித்தளைக் குழாய்கள் போயின. வருடத்துக்கு ஒருமுறை துருவின்மேலேயே கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். போன மழைக்காலத்தில் கொதிகலன் ஓட்டை வழியாக ஒரு மைனா உள்ளே போய்வருவதைப் பார்த்தேன்.

நிஜமாகப் பாதுகாப்பது எப்படி என்று பார்க்க மேட்டுப்பாளையம் போக வேண்டும். ஊட்டி மலை ரயில் குன்னூர் வரை இன்றும் நீராவிதான். பழைய எஞ்சின்கள் தேய்ந்தால் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்து கொடுக்கிறார்கள். எஞ்சின் மட்டும் இருந்து பயனில்லை, அதைச் செய்யத் தெரிந்த கையும் தீப்போடத் தெரிந்த கையும் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவை அங்கே கூட்டிப்போங்கள்.

*

மறுபடியும் புனலூர்:

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு நன்றி. டிக்கெட் எடுத்துவிட்டேன். முன்பெட்டியில் இடம் பிடித்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று மாமா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். மலை ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? கடைசிப் பெட்டிக்கு மாற்றச் சொல்கிறார். துண்டு எடுத்து வைத்தாயிற்று.