கப்பல் அதிகாரிகளின் சான்றுக்குத் 'தகுதிச் சான்றிதழ்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வணிகக் கப்பல் அதிகாரிகள் பெறுகின்ற, கடலோடிகள் 'சிஓசி' (சர்டிபிகேட் ஆஃப் காம்பிடென்சி) என்றும் பழைய வழக்கில் 'டிக்கெட்' என்றும் சொல்கின்ற சான்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் 'தகுதிச் சான்றிதழ்' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இச்சொல்லைக் கேட்டால் லாரிக்கு வாங்கும் எஃப்.சி.தான் முதலில் நினைவுக்கு வரும். அது ஒருபுறமிருக்க, கடலோடி மருத்துவத் தகுதிச் சான்றிதழ் ஒன்றையும் தனியே வைத்திருந்தாக வேண்டும் என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்வது ஆவணங்களில் குழப்பத்தையே விளைவிக்கும்.

இலங்கை நண்பர் பரிந்துரைத்த 'தேர்ச்சிச் சான்றிதழ்' இதைவிட நெருக்கமானது. அங்கே பாடத்திட்டங்களில் 'தேர்ச்சி' ஒன்றைச் செய்யும் திறன் ('காம்பிடென்சி') என்ற பொருளிலேயே வழங்குகிறது. ஆயினும் தமிழ்நாட்டு வழக்கில் அது தேர்வில் வெற்றி பெறுதல் என்று சுருங்கிவிட்டது. இச்சான்றின் வரலாறோ அந்தச் சுருக்கத்துக்குள் அடங்காது.

பிரிட்டனில் யாரைக் கப்பல் தலைவராக அமர்த்துவது என்பது நெடுங்காலம் உரிமையாளரின் விருப்பமாகவே இருந்தது. கப்பல் விபத்துகளை ஆராய 1836இல் அமைந்த நாடாளுமன்றக் குழு, தலைவர்கள், அவர்களுக்கு அடுத்த நிலை அதிகாரிகளான மேட்டுகள் ஆகியோரின் திறமையின்மையையும் ஒரு காரணமாகச் சுட்டியது. 1845இல் விரும்பியவர்கள் மட்டும் எழுதும் தேர்வு வந்தது; 1850ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே அப்பதவிகளில் இருந்தவர்களுக்குத் தேர்வின்றிப் பணிச் சான்றிதழ் தரப்பட்டது. தேர்வெழுதிப் பெற்றாலும் எழுதாமல் பெற்றாலும் அந்தத் தாள் அளித்தது பதவி வகிக்கும் உரிமையை. தவறிழைத்தவரிடமிருந்து விசாரணைக்குப் பின் அதைப் பறிக்கவும் சட்டம் இடமளித்தது. ஒருவர் தேர்வில் வென்றதை யாரும் திரும்பப் பெற முடியாதல்லவா?

அதிகாரிகளுக்கான பயிற்சிக் கப்பல்கள் இதற்குப் பின்னரே வந்தன என்பதையும் கருத வேண்டும். லிவர்பூலில் 'கான்வே' 1859இலும், தேம்ஸ் ஆற்றில் 'ஊஸ்டர்' 1862இலும் தொடங்கின. இந்தியாவிலும் சான்றுதான் வாயிற்கதவாக நின்றது. கடலில் பயிற்சி பெற்றிருந்தால்தான் தேர்வெழுதலாம்; இந்திய இளைஞருக்கோ பிரிட்டிஷ் நிறுவனக் கப்பல்களில் அந்தப் பயிற்சி இடம் கிடைப்பது அரிது. ஆகவே நம்மவர் சாரங்கு (மாலுமிகளின் தலைவர்), தண்டல் (அவருக்கு அடுத்தவர்) ஆகிய நிலைகளோடு நின்றனர். இந்திய வணிகக் கப்பல் துறையை வளர்ப்பது குறித்து 1922இல் மத்திய சட்டசபையில் சர் பி.எஸ்.சிவசுவாமி ஐயர் தீர்மானம் கொண்டுவந்ததும், கேப்டன் ஹெட்லம் தலைமையில் 1923இல் குழு அமைந்ததும், அதன் பரிந்துரைப்படி 1927இல் பம்பாயில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கியதும் இந்தக் கதவைத் திறக்கும் முயற்சிகளே.

இன்னொரு சிக்கல் 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையால் வருகிறது. கடலோடிகளின் பயிற்சி, சான்றளிப்பு, காவற்பணி (கப்பலில் முறைவைத்துக் கண்காணிக்கும் பணி) ஆகியவற்றுக்கு அதுவே அடிப்படை. 1995இல் அது திருத்தப்பட்டபோது, என்ன தெரியும் என்பதோடு நில்லாமல் செய்து காட்ட முடியுமா என்பதும் அளவுகோலாயிற்று. 2010ஆம் ஆண்டு மணிலா திருத்தங்கள், அதிகாரியின் பதவிக்குரிய சான்றையும், உயிர்காப்புப் படகு, தீயணைப்பு போன்ற தனித்தனிப் பணிகளுக்குரிய சான்றையும் தெளிவாகப் பிரித்தன. இரண்டாவதற்குச் 'செய்திறன் சான்றிதழ்' என்பது போதும்.

முதலாவதற்கு என் பரிந்துரை 'பதவித் தகவுச் சான்றிதழ்' என்பதாகும். இன்ன பதவியை வகிக்கத் தக்கவர் என்னும் பொருளை அது நேராகத் தருகிறது. கப்பல் தலைவர், மேட்டு, பொறியாளர் ஆகிய அனைவருக்கும் பொருந்துகிறது. 1850ஆம் ஆண்டின் பணிச் சான்றிதழோடும் மோதவில்லை. 'தகவு' என்பதைக் கணிதத்தில் விகிதம் என்ற பொருளில் ஆள்வோர் உண்டு. 'தகவல்' என்று தவறாகப் படிப்பவர்களும் இருப்பார்கள். ஆதலால், நீளம் கருதி 'பதவி' என்னும் முன்னடையை வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.